முக்காட்டுக்குள் இருப்பவன் யார்?



கேள்வி கேட்பவனைக் கண்டு முகஞ்சுளிக்காத அறம் பகவான் புத்தர் அருளிய அறம். கேசபுத்த நகரத்துக் காலாமர்கள், தம் ஊருக்கு வருகின்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையே மெய் என்றும் பிறர் கொள்கை பொய் என்றும் பேசிச் செல்லக் கேட்டு மயங்கி நின்றபோது, ஐயுறத்தக்க இடத்தில் ஐயுறுவது முறையே என்று அவர்களைத் தேற்றியவர் அவர். ஆதலின், நம் விகாரையில் ஓர் இளைஞன் எழுப்பிய கேள்வியைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று சிலர் நகைத்தபோதும், யான் அதனைத் தள்ளிவிடத் துணியவில்லை. பல இரவுகள் அதனை நெஞ்சில் வைத்து எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை ஈண்டு எழுதுகின்றேன்.

வைகாசிப் பௌர்ணமியன்று திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து, வந்திருந்தோர்க்குப் பாயசம் வழங்கிக்கொண்டிருந்த வேளை. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் என் அருகில் வந்து அமர்ந்தான். "ஐயா, உயிர்க்கொலை செய்யேன் என்று இப்போதுதான் எல்லோருடனும் சேர்ந்து சொன்னேன். ஆனால் நேற்றிரவு ஒரு கோட்டைக்குள் புகுந்து முப்பது சாமியார்களைச் சுட்டுத் தள்ளினேன். என் சீலம் கெட்டதா?" என்றான்.

யான் திடுக்கிட்டேன். பிறகே அவன் கூறியது கணிப்பொறியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி என்பது விளங்கிற்று. அருகிலிருந்தோர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. "அவர்கள் நீண்ட அங்கி அணிந்து, ஏதோ மந்திரம் ஓதிக்கொண்டே வருவார்கள். சுடும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஐயா. இங்கே வந்து பந்தேஜியின் காலில் விழுந்து அவருடைய ஆடையின் விளிம்பைப் பார்த்தபோதுதான் ஏதோ உறுத்திற்று" என்றான்.

உறுத்துகின்ற மனம் உயிருள்ள மனம். அந்த உறுத்தலுக்கு விடை காண்பது நம் கடமையன்றோ?

கதையின் சுருக்கம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் ஆட, யான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். ஒரு நாளில் முடிவதாயில்லை. நான்கு ஞாயிறுகள் சென்றன. எனக்கு ஆடத் தெரியாதது ஒருவகையில் நன்மையாயிற்று. அவன் கை சுடுவதில் முனைந்திருக்க, என் கண் சுடப்படுவோரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விளையாட்டின் பெயர் 'ரெசிடென்ட் ஈவில் 4'. ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் முற்றும் புதுக்கி மீண்டும் வெளியிட்டது. நம் பிள்ளை ஆடியது பழைய பதிப்பு; அவனுடைய பழைய கணிப்பொறிக்கு அதுவே இயன்றது. அச்சமூட்டும் இடத்தில் குறைந்த தோட்டாக்களுடன் விடப்பட்டு, உயிர் தப்பி வெளியேறுவதே இவ்வகை விளையாட்டின் இலக்கணம்.

கதை நிகழுமிடம் ஸ்பெயின் நாட்டின் ஒரு சிற்றூர். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மகள் ஆஷ்லி கடத்தப்படுகிறாள். அவளை மீட்க லியோன் கென்னடி என்னும் அரசாங்க வீரன் தனியே அனுப்பப்படுகிறான். கடத்தியவர்கள் 'லாஸ் இலுமினாதோஸ்' என்னும் சமயக் கூட்டத்தார். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் 'ஒளி பெற்றோர்' என்பது. அதன் தலைவன் ஆஸ்மண்ட் சாட்லர், முக்காடிட்ட ஊதா அங்கியும் கையில் ஒரு கோலும் உடையவன். அவன் ஆட்சிக்கு மூலம் மந்திரமன்று. 'லாஸ் பிளாகாஸ்' என்னும் ஒட்டுண்ணி. அது மனிதனின் உடலுக்குள் புகுந்து அவன் அறிவைத் தன்வயப்படுத்திவிடும். சிற்றுண்ணி உடையவன் பேருண்ணி உடையவனுக்குக் கீழ்ப்படிவான். சாட்லரின் கோல் அசைந்தால் கூட்டம் முழுதும் அசையும்.

அவ்வொட்டுண்ணி ஊரார்க்குள் எவ்வாறு புகுந்தது? கோட்டையின் அடியில் கல்லாய் இறுகிக் கிடந்தவற்றைத் தோண்டியெடுக்க ஊரார் ஏவப்பட்டனர். தோண்டும்போது எழுந்த தூசியோடு அதன் வித்துக்களையும் அவர்கள் சுவாசித்தனர் என்று கதைக்குள் கிடைக்கும் ஓர் ஏடு கூறுகின்றது. இதனைப் படித்தபோது எனக்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்தது. 2001ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அந்தச் சுரங்கங்களில் கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மாண்ட நம் உறவினர் எத்தனை பேர்! பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமிய என் ஆலைத் தோழர்கள் எத்தனை பேர்! தோண்டச் சொன்னவன் மேலே இருப்பான்; தூசி கீழே இருப்பவனுக்கே. கதை எழுதிய ஜப்பானியர் இதனை எண்ணி எழுதினாரோ இல்லையோ, உண்மையை எழுதிவிட்டார்.

நோயுற்ற ஊராருக்கு அவ்விளையாட்டு இட்ட பெயர் 'கனாதோ'. கால்நடை என்பது அதன் பொருள். கோட்டைக்குள் இருக்கும் அங்கியினர் இவர்களினும் முதிர்ந்த பற்றாளர். கருநிற அங்கியும் முக்காடுமாய், அரிவாளும் விற்பொறியும் மரக் கேடயமும் ஏந்தி, சாவையே வாழ்வென்று போற்றும் ஒரு வாசகத்தைத் தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டு வருவர். அவர்களை நடத்துபவன் செந்நிற அங்கி அணிந்திருப்பான். முகம் தெளிவாகத் தெரியாது, பெயரும் இல்லை. விழுந்தவுடன் உடலும் மறைந்துவிடும்.

இது கொலையா?

முதற்கண் பிள்ளையின் கேள்விக்கு நேர் விடை கூறுவோம். கொலை என்னும் வினை நிறைவெய்த ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று நம் உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல் வேண்டும். அஃது உயிர் என்று அறிந்திருத்தல் வேண்டும். கொல்லும் எண்ணம் வேண்டும். அதற்கான முயற்சி வேண்டும். அம்முயற்சியால் அவ்வுயிர் மாளுதல் வேண்டும். கண்ணாடித் திரையில் ஆடும் உருவத்துக்கு உயிரில்லை. உயிரில்லை என்பது ஆடுபவனுக்கும் தெரியும். ஆகவே முதற் சீலம் கெடவில்லை. பிள்ளை இரவில் அச்சமின்றி உறங்கலாம்.

ஆயின், விடை இத்துடன் முடிந்ததா? எண்ணத்தையே வினை என்று கூறியவர் பகவான். கையால் செய்ததை மட்டும் கணக்கிட்டு, மனம் பழகியதைக் கணக்கில் விடுவது நம் அறத்துக்குப் பொருந்தாது. நூலாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அறுந்த இழையை ஒட்டியவன் யான். ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் சென்றும், உறக்கத்தில் என் விரல்கள் இழை ஒட்டிக்கொண்டிருப்பதாக என் மனைவி கூறுவாள். பழகியது எளிதில் அகலாது.

விளையாட்டில் சுட்டவன் தெருவிலும் சுடுவான் என்று அஞ்சுவோர் உளர். யான் அவ்வாறு கூறேன். கோடிக்கணக்கானோர் இத்தகைய விளையாட்டுகளை ஆடிவிட்டு, அமைதியாக எழுந்து வேலைக்குச் செல்கின்றனர். கூத்தில் அரக்கனைக் கொன்றவன் கூத்து முடிந்ததும் அரக்கனாக நடித்தவனோடு தேநீர் அருந்துகின்றான். பழகுவது துப்பாக்கி அன்று. 'இவன் முகத்தைக் காண வேண்டுவதில்லை. இவன் பெயரைக் கேட்க வேண்டுவதில்லை' என்னும் எண்ணம் ஒன்று உண்டே, அதற்கு மனம் பழகுகின்றதா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

ஆடை செய்த குற்றம் என்ன?

தீயோரைக் காட்ட விரும்பும் கதைக்காரர்கள் துறவியின் அங்கியை ஏன் நாடுகின்றனர்? காரணம் எளிது. ஒரே வகை ஆடை, பல மனிதரை ஒரே மனிதனாக்கி விடுகின்றது. முக்காடு முகத்தை மறைக்கின்றது. நம்பத்தக்கவன் என்று ஊரார் எண்ணும் ஆடைக்குள் நஞ்சு இருப்பதைப் போல அச்சந்தருவது வேறொன்றுமில்லை.

இது புதிய வழக்கமுமன்று. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகத்தில், கள்ளுக்கும் ஊனுக்கும் ஏங்கும் ஒரு பௌத்தத் துறவி மேடையேற்றப்பட்டான். கூத்தில் கேலிக்குரிய அங்கியாக நம் ஆடையும் இருந்ததுண்டு.

நம் பிக்குகளின் ஆடை எவ்வாறு பிறந்தது என்பதைத் துணி நெய்யும் தொழிலில் உழன்றவன் என்னும் உரிமையால் கூறுகின்றேன். குப்பையிலும் இடுகாட்டிலும் கிடந்த கந்தையைப் பொறுக்கித் துவைத்துத் தைத்ததே முதல் சீவரம். மகத நாட்டு வயல்களின் வரப்பும் பாத்தியும் அமைந்திருந்த ஒழுங்கைப் பகவான் கண்டு, அதுபோலத் துண்டுகளை இணைத்துத் தைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டார். ஆனந்தர் அவ்வாறே தைத்தார். உதேன மன்னனின் அரசியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் அளித்தபோது, இத்துணை ஆடை ஒரு துறவிக்கு எதற்கென்று மன்னன் வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். கிழிந்த பழைய ஆடைகளை என் செய்வீர் என்று மன்னன் விடாது வினவ, அவை படுக்கை விரிப்பாகும், பின்னர்த் தரை விரிப்பாகும், பின்னர்க் கால் துடைக்கும் துணியாகும், பின்னர்த் தூசி தட்டும் துணியாகும், இறுதியில் சேற்றோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்றார். ஏழையின் வயலும் ஏழையின் சிக்கனமும் அந்த ஆடையின் ஊடும் பாவுமாய் உள்ளன. மனிதரை மருட்டுவதற்காக அது தைக்கப்படவில்லை.

எனினும் ஆடையை உடுத்தவன் எல்லாம் தூயவன் என்றும் நம் அறம் கூறவில்லை. மனமாசு நீங்காதவன் துவராடைக்குத் தகுதியற்றவன் என்பது தம்மபதத்தின் முதல் அதிகாரத்திலேயே கூறப்பட்ட கருத்து. நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், இலங்கைப் பிரதமர் பண்டாரநாயகா தம் இல்லத்தில், தம்மைக் காண வந்த ஒரு பிக்குவால் சுடப்பட்டு மறுநாள் மாண்டார். துப்பாக்கி இருந்த இடம் துவராடை. அச்சதியில் ஒரு பெரிய விகாரையின் தலைமைப் பிக்குவே குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், டோக்கியோ நகரத்துச் சுரங்க இரயில்களில் சாரின் என்னும் நச்சு வாயுவைப் பரப்பியவர்கள் 'ஓம் ஷின்ரிக்யோ' என்னும் கூட்டத்தார். பௌத்தச் சொற்களைத் தம் வசதிக்கேற்ப எடுத்தாண்ட கூட்டம் அது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். செய்தவருள் மருத்துவரும் விஞ்ஞானம் கற்றவரும் இருந்தனர். ஆசிரியர் கட்டளை என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அவ்வாசிரியரும் பன்னிரு சீடரும் 2018ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர்.

ஆகவே, 'அங்கியணிந்த தீயோர் வெறுங் கற்பனை' என்று பிள்ளைக்கு விடை கூற எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று கூறுவேன். பிக்குகளின் ஒழுக்க நூலாகிய விநயத்தில், மனித உயிரைக் கொன்றவனும் கொலைக்கு ஏவியவனும் அச்செயலோடு பிக்கு அல்லாதவனாகிறான். அதுமட்டுமன்று, சாவைப் புகழ்ந்து பேசி ஒருவனைச் சாகத் தூண்டினாலும் அதே தண்டனை. சாவைப் போற்றி முணுமுணுக்கும் கூட்டத்தைப் பகவான் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்துக் கதவை அடைத்துள்ளார். ஆடை தோளில் கிடக்கலாம். விநயத்தின்படி அது என்றோ நழுவி வீழ்ந்துவிட்டது.

ஒளி பெற்றோர் என்னும் பெயர்

'புத்தர்' என்றால் விழிப்புற்றவர். 'இலுமினாதோஸ்' என்றால் ஒளி பெற்றோர். பெயரளவில் இரண்டுக்கும் இடையே தூரமில்லை. வேறுபாட்டை எங்கே காண்பது?

மூன்று இடங்களில் காணலாம். முதலாவது, மறைவு. தம் போதனையில் உட்புறம் வெளிப்புறம் என்ற பிரிவில்லை என்றும், ஆசிரியர் சிலர் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும் மூடிய கை தமக்கில்லை என்றும் பகவான் தம் இறுதி நாட்களில் ஆனந்தரிடம் கூறினார். இரண்டாவது, சோதனை. 'வீமம்சக சூத்திரம்' என்னும் போதனையில், மாணவன் தன் ஆசிரியனையே கண்ணாலும் காதாலும் சோதித்துத் தெளிய வேண்டும் என்றார்; சோதிக்கப்பட வேண்டியவர் வரிசையில் தம்மையே முதலில் நிறுத்தினார். மூன்றாவது, கோல். தமக்குப் பின் இன்னாரே தலைவர் என்று எவர் கையிலும் அவர் கோலைத் தரவில்லை. தம்மமே ஆசிரியன் என்று விட்டுச் சென்றார். சாட்லரின் கூட்டத்தில் மறைவு உண்டு, கோல் உண்டு. சோதனை மட்டும் இல்லை. இந்த மூன்று அளவுகோல்களையும் எந்தக் கூட்டத்தின் முன்னும் வைத்துப் பாருங்கள். நம் சங்கத்தின் முன்னும் வைத்துப் பாருங்கள்.

கதையில் மற்றுமொரு செய்தி உண்டு. அக்கோட்டையின் எட்டாந் தலைமுறைத் தலைவன் ரமோன் சலசார். அவனுடைய முன்னோர் அக்கூட்டத்தை ஒடுக்கி, ஒட்டுண்ணிகளைக் கோட்டைக்கு அடியில் அடைத்து வைத்தவர்கள். 'உன் முன்னோர் செய்த பாவத்துக்கு நீ கழுவாய் தேட வேண்டும்' என்று கூறியே சாட்லர் அவனை வயப்படுத்தி, அடைத்து வைத்ததைத் திறக்கச் செய்தான். உபாசகர்களே, இந்த வித்தை நமக்குத் தெரியாததா? முற்பிறப்பில் செய்த பாவத்தால் இப்பிறப்பில் இழிகுலத்தில் பிறந்தாய், அடங்கியிருந்து கழித்துக்கொள் என்று நம் பாட்டன்மாரிடம் கூறப்பட்டதும் இதுவேயன்றோ? செய்யாத குற்றத்தைச் சுமத்திப் பணிய வைப்பதே எல்லா ஒட்டுண்ணிகளும் புகும் வாயில். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பகவானைச் சரணடைந்தபோது அந்த வாயிலையே அடைத்தார். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், 1898இல், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரும் அந்த வாயிலில்தான் கை வைத்தார்.

ஒரே நோய்க்கு இரண்டு நீதி

இனி, என் நெஞ்சைத் தைத்த இடத்துக்கு வருகின்றேன்.

கதையின் நடுவே வீரன் லியோனுக்கும் அவன் மீட்கச் சென்ற ஆஷ்லிக்கும் அதே ஒட்டுண்ணி ஏற்றப்படுகின்றது. அங்கியினரை ஆட்டிவைக்கும் அதே நோய். லியோனின் கையும் ஒரு சமயம் அவன் சொற்கேளாமல் ஏடா என்பவளின் கழுத்தை நெரிக்கின்றது. அப்போது எவரும் அவனைச் சுட்டுவிட வேண்டும் என்று எண்ணவில்லை. மருந்து தேடப்படுகின்றது, ஒட்டுண்ணியைக் கதிர்வீச்சால் அழிக்கும் ஒரு கருவி கண்டுபிடிக்கப்படுகின்றது, இருவரும் பிழைக்கின்றனர். நாயகனுக்கு நோய் வந்தால் மருத்துவம். பெயரில்லாதவனுக்கு அதே நோய் வந்தால் தோட்டா!

கதைக்காரர் இதற்கு ஒரு காரணம் வைத்துள்ளார். ஒட்டுண்ணி முற்றி வளர்ந்துவிட்டால் அதனை நீக்கும்போது மனிதனும் மாளக்கூடும் என்பது அது. பிள்ளையும் இதனையே கூறினான். "அவர்களைக் காப்பாற்ற வழியில்லை, ஐயா. அதுவுமன்றி, அவர்கள் என்னைக் கொல்ல வருகிறார்களே! நான் என்ன செய்வது?"

நியாயமான பேச்சு. யான் அவனிடம் கேட்டேன்: "தம்பி, உன் கையிலுள்ள பொத்தான்களில் சுடுவதற்கு ஒன்று உண்டு; ஓடுவதற்கு ஒன்று உண்டு; கத்தி வீசுவதற்கு ஒன்று உண்டு. அவர்களோடு பேசுவதற்கு ஒன்று உண்டா?" அவன் சற்று நேரம் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "இல்லை, ஐயா" என்றான்.

வேறு வழியில்லாத உலகத்தை ஒருவர் செய்து வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பவனுக்கு வேறு வழியில்லை. விளையாட்டுக்கு அது தகும். ஆனால் விளையாட்டுக்கு வெளியேயும் 'இவர்களோடு பேச இயலாது, இவர்கள் திருந்தார், வேறு வழியே இல்லை' என்று நம் காதில் ஓதுகின்றவர்கள் உளர். அப்போது, பேசும் பொத்தானை எடுத்துவிட்டவர் எவர் என்று கேட்பதே பௌத்தனின் கடமை.

அங்குலிமாலனை நினைத்துப் பாருங்கள். உரைநூல் கூறும் வரலாற்றின்படி அவன் கொலைகாரனாகப் பிறந்தவனல்லன். அகிம்சகன் என்ற பெயருடன் தக்கசீலத்தில் கற்ற நன்மாணாக்கன். பொறாமை கொண்டோர் சொற்கேட்டு அவன் ஆசிரியன் ஆயிரம் விரல்களைக் காணிக்கையாகக் கேட்டான். ஆசிரியன் சொல்லைத் தட்டலாகாது என்ற ஒரே காரணத்தால் அவன் காடேறினான். ஆசிரியன் ஏற்றிய ஒட்டுண்ணி அவன் தலைக்குள் முற்றி வளர்ந்திருந்தது. ஐந்நூறு குதிரை வீரருடன் பசேனதி மன்னன் அவனைத் தேடிப் புறப்பட்டான். பகவானோ தனியே, படையின்றி, பேச்சையே துணையாகக் கொண்டு அவன் முன் நடந்தார். தாம் நின்றுவிட்டதாகவும் அவனே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவும் அவர் கூறிய சொல் அவனை நிறுத்திற்று. பின்னர் அவன் துவராடை உடுத்திப் பிச்சைக்குச் சென்றபோது மக்கள் கல்லெறிந்து அவன் மண்டையை உடைத்தனர். அவர்களுடைய சினத்துக்குக் காரணம் இருந்தது. எனினும் ஆடைக்குள் இருந்தவன் மாறியதை அவர்கள் காணவில்லை. நல்லாடைக்குள் தீயவனைக் காணாமற் போவது ஒரு குருடு. தீயவன் என்று பெயரிட்டவனுக்குள் மனிதனைக் காணாமற் போவது மற்றொரு குருடு.

யான் கண்ட முகம்

இரண்டாவது குருடு எனக்கே வாய்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் இளமையில் எங்கள் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலிக்காக நடந்த அப்போராட்டம் நியாயமானது என்றே இன்றும் எண்ணுகின்றேன். விடியற்காலையில் ஆலையின் பின்வாயில் வழியே சிலர் வேலைக்குச் செல்வதாகச் செய்தி வந்தது. நாங்கள் பத்துப் பேர் இருட்டில் காத்திருந்தோம். துண்டால் தலையையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். 'கருங்காலி!' என்று எங்கள் தலைவர் கை நீட்டினார். அவ்வளவே. எவன் என்று எவரும் கேட்கவில்லை. முதல் அடி என்னுடையது. துண்டு விலகிற்று. எங்கள் வரிசை வீட்டில் மூன்றாம் வீட்டுக்காரர். என் திருமணத்தில் பந்தல் கட்டியவர். அவருடைய குழந்தை காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியும். மருந்துக்கு அவர் கடன் கேட்டு அலைந்ததும் தெரியும். துண்டுக்குள் இருப்பவர் அவர் என்பதுதான் தெரியாது.

அவர் என்னை நோக்கிய நோக்கை யான் இன்றும் சுமக்கின்றேன். அவர் செய்தது சரியென்று கூறவில்லை. ஆனால் அந்தத் துண்டை அவர் பாதி கட்டினார். 'கருங்காலி' என்ற சொல்லால் மீதியை நாங்கள் கட்டினோம். துணியால் மட்டும் முக்காடு அமைவதில்லை, பெயராலும் அமையும். விளையாட்டில் 'கால்நடை' என்ற பெயர். ஆலையில் 'கருங்காலி' என்ற பெயர். நம் பாட்டன்மார் தெருவில் நடந்தபோது 'தீண்டத்தகாதவன்' என்ற பெயர். அம்முக்காட்டை அவர்கள் தலையில் மாட்டிய பிறகு, அவர்களுடைய முகத்தைக் காணும் தொல்லை ஊராருக்கு இல்லாமற் போயிற்று. பல நூறு ஆண்டுகள் முகமின்றி வாழ்ந்த மக்கள் நாம். பிறரை முகமற்றவராக்கும் பழக்கம் நமக்கு எவ்வாறு தகும்?

இன்று நம் கூட்டங்களிலும், மாற்றுக் கருத்துக் கூறும் ஒருவனை 'துரோகி' என்று ஒருவர் சுட்டினால், அவன் கூறியது யாது என்று கேளாமலே கூச்சலிடுவோர் உளர். பாபாசாகேபின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, அவர் விரும்பிய ஆராய்ச்சி மனப்பான்மையை வாயிலிலேயே விட்டுச் செல்வோர் உளர். கோலை எவரேனும் அசைக்க, நாம் அசைந்தால், நம் தோளில் இருப்பது வெண்ணாடையாயினும் துவராடையாயினும் நாமும் அக்கோட்டைக்குள்தான் நிற்கின்றோம்.

பிள்ளைக்கு அளித்த விடை

நான்காம் ஞாயிறன்று விளையாட்டு முடிந்தது. சாட்லர் மாண்டான். வீரனும் பெண்ணும் தப்பினர். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் பிள்ளை நிறுத்திவிட்டு எழப் பார்த்தான். "அது என்ன படம்?" என்று கேட்டு யான் அவனை உட்கார வைத்தேன்.

பட்டியலோடு ஓவியம் போன்ற நிலைப்படங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அவ்வூரார் நோயுறுவதற்கு முன் வாழ்ந்த வாழ்வு அது. தத்தம் வேலையைச் செய்கின்ற எளிய குடியானவர், அவர்களுடைய பெண்டிர், பிள்ளைகள், சிரித்த முகங்கள். பிறகு அங்கியணிந்தோர் ஊருக்குள் வருகின்றனர். பிறகு முகங்கள் மாறுகின்றன. அத்தனை நேரமும் சுடச் சொன்னவர்களே, சுடப்பட்டவர் எவர் என்பதை இறுதியில் காட்டினார்கள். அந்த மனச்சான்றுக்காக அவர்களைப் போற்றுகின்றேன். பிள்ளை இவ்விளையாட்டை மும்முறை முடித்தவனாம். அப்படங்களை முழுதும் கண்டது அன்றுதானாம்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இதை முதலில் காட்டியிருந்தால் சுட்டிருக்க முடியாது, ஐயா" என்றான். யான் அதற்குமேல் உபதேசம் செய்யவில்லை. அவனே தன் கேள்விக்கு விடை கண்டுவிட்டான்.

ஆடு என்றும் ஆடாதே என்றும் அவனுக்கு யான் கூறவில்லை, அவன் அறிவுடையவன். பெற்றோர்க்கும் கூறுவது இதுவே. பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்குவதற்குமுன், ஒரு நாள் அவன் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். அவன் என்ன காண்கிறான் என்று கேளுங்கள். இளைஞர்க்குக் கூறுவது ஒன்று உண்டு. தெருவிலும் கூட்டத்திலும் செய்தித்தாளிலும் ஒருவர் கை நீட்டி 'அதோ, அவர்கள்!' என்று ஒரு பெயர் சொல்லும்போது, உடனே ஓடாதீர்கள். அங்கே நிற்பவனின் பெயர் என்ன, அவன் வீட்டில் எவர் நோயுற்றிருக்கின்றார், அவன் மூக்கில் ஏறிய தூசி எவன் தோண்டச் சொன்ன குழியிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு அடி எடுத்து வையுங்கள். கேட்ட பிறகும் அவனை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கலாம். சாட்லரை எதிர்த்துத்தான் ஆகவேண்டும். ஆயினும் முகம் கண்டு எதிர்ப்பவன் கைக்கு எங்கே நிறுத்துவது என்பது தெரியும்.

அன்று பின்வாயிலில் எனக்கு அது தெரியவில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இல்லை. அவருடைய மகன் நம் விகாரைக்கு வருகின்றான். அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தை அவனே. ஒவ்வொரு பௌர்ணமியும் அவன் என்னோடு சேர்ந்து பஞ்சசீலம் ஓதும்போது, முதற் சீலத்தில் என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

எல்லோரும் நலமுற வாழ்க.

நமோ புத்தாய! ஜெய் பீம்!